மேசை விரிப்பின் நிறம்

பிராதோவில் எத்தனை ஓவியங்கள் என்று
லெயோகாதியா கேட்கவேயில்லை.
நான்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்,
மாவுப் பையைக் கிழித்துத் தட்டையாக்கிய தாளில்,
பென்சிலால்.

மாலை ஆறிலிருந்து எட்டுவரை இலவசம்.
ஐந்து மணிக்கே வரிசை தெருவை வளைத்து நிற்குமாம்.
பையைச் சோதிக்கப் பத்து நிமிடம்.
கழிப்பறை, கோட்டு வைக்குமிடம், வழி தவறுவது:
இன்னொரு பத்து.
மிச்சம் ஒரு மணி நாற்பது நிமிடம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அரசர்களை விட்டுவிடலாம் என்றேன்.
"விடு" என்றாள், அடுப்பிலிருந்து தலையை எடுக்காமல்.
சிலுவையிலிருந்து இறக்கப்படுகிறவரை?
"அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும்."
குதிரைகள், வேட்டை நாய்கள், கொழுத்த தேவதைகள்?
"எவுதீமியோ,
நான் ஒரு துணியைப் பார்க்கத்தான் வருகிறேன்."

கல்லாவுக்கு மேலே
பதினொரு வருடமாக ஒட்டியிருக்கிறது அந்த அஞ்சலட்டை.
ரொட்டிச் சில்லறையை எண்ணி நிமிர்ந்தால் அதுதான்:
வாய் உடைந்த மண்குடுவை,
நாலு எலுமிச்சை,
அவற்றின் கீழே மடிப்புக் கலையாத ஒரு மேசை விரிப்பு.
அது வெள்ளையா, மஞ்சளா?
காலை வெயில் அட்டையைத் தின்றுவிட்டது.
கண்புரை அவள் பார்வையைத் தின்கிறது.
போன மாதம் என் கல்யாணச் சட்டையை
மஞ்சள் என்று நினைத்து
சாயத் துணிகளோடு ஊறவைத்தாள்.
இப்போது அதன் நிறத்துக்கு
தெருவெல் முழுக்க யாரிடமும் பெயர் இல்லை.

ஓவியத்தின் மேல் பூசிய மெழுகும்
நாளாக நாளாகப் பழுத்து மஞ்சளாகுமாமே,
எங்கோ படித்தேன்.
மூன்று திரைக்கு அப்பால் ஒரு துணி.

மாவு மூட்டை இறக்க வந்த இகீனியோ
கைபேசியை நீட்டினான்:
"இதோ, பெரிதாக்கிப் பாருங்கள் அத்தை."
மாவுக் கையாலேயே அதைக் குப்புறக் கவிழ்த்தாள்.

அறுவை சிகிச்சை வியாழன் காலை எட்டரைக்கு,
மாட்ரிட்டில், வலது கண்ணுக்கு.
இடது கண் ஜூன் மாதம்.
வெள்ளி காலை கட்டுப் பிரிப்பார்கள்.
ஆகவே இரண்டு மாலைகள் ஒதுக்கினேன்.
புதன்கிழமை, பழைய கண்ணோடு.
வெள்ளிக்கிழமை, புதிய கண்ணோடு.
நடுவில் எங்கே உட்காரலாம் என்று
நாற்காலிகளைக்கூடக் குறித்திருந்தேன்.
பெருமையாக நீட்டினேன் தாளை.

மூக்கருகே பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்தாள்.
சிரித்தாள். தாளிலிருந்த மாவு பறந்தது.
"வெள்ளி மட்டும் போதும்.
இடதை மூடினால் புதுசு.
வலதை மூடினால் பழசு.
உன் புதன்கிழமை
என் இடது கண்ணிலேயே இருக்குமே, ஜூன் வரைக்கும்."

முப்பத்திரண்டு வருடம் இந்தக் கடைக்குக்
கணக்கெழுதுகிறவன் நான்.
ஒரு மாலையை ரப்பரால் அழித்தேன்.

பிறகு தொலைபேசியில் கேட்டேன்,
அந்த அறை திறந்திருக்குமா என்று.
இளம்பெண் குரல், பொறுமையான குரல்:
"இன்றைக்குத் திறந்திருக்கிறது ஐயா.
வெள்ளிக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.
ஆள் போதாவிட்டால் சில அறைகளைச் சாத்திவிடுவோம்."
விரிப்பு என்ன நிறம் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.
நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

"சாத்தியிருந்தால்?" என்றேன்.
"பக்கத்து அறையில் வேறு ஏதாவது வெள்ளை இருக்கும்"
என்று மாவை ஓங்கி அறைந்தாள் பலகையில்.

புதன் முதல் சனி வரை ரொட்டி இல்லை:
பலகை எழுதிக் கதவில் மாட்டினேன்.
விளக்கை அணைக்குமுன்
யாரும் பார்க்காத நேரத்தில்
நானும் வலது கண்ணை மூடினேன்,
பிறகு இடதை.
குடுவை, எலுமிச்சை, துணி.
இரண்டிலும் ஒரே துணி.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.